நாற்பத்தொன்றாம் வில்லை

அந்த அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாசலில் தரும் பித்தளை வில்லையின் எண்தான் பெயர். நாற்பதுக்கு அப்புறம் நாற்பத்திரண்டு. இடையிலுள்ள வில்லையை எப்போதோ ஒருத்தி, முடிவைக் கேட்காமலே, கையோடு கொண்டு போய்விட்டாள். திரும்பி வரவேயில்லை.

யாருக்கும் போகாத அந்த எண்ணைத்தான் ஆய்வகக்காரி தன் ரத்தம் பிடித்த சோதனைக் குழாயில் எழுதி ஒட்டினாள். மூன்று மாதமாக முழுகாமல் இருக்கிறாள். விடுப்பில் வந்துபோன கப்பல்காரக் கணவனின் உடம்பில் ஆறிய புண் ஒன்றைப் பார்த்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தன் பெயரில் சோதித்தால் சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கப் பரவிவிடும்.

சோதனை அட்டையில் முதல் கோடு வந்தது. அது எல்லோருக்கும் வரும். பிறகு, தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு முகம் மேலே வருவதுபோல, நோய் இருந்தால் மட்டும் வரும் இரண்டாவதும் வந்தது.

அவள் ஒளிப்பதற்குள் ஆலோசகர் அக்கா வந்து, அட்டையும் குழாயும் இருந்த தட்டை எடுத்துவிட்டாள்.

"நாப்பத்தொண்ணா? அந்த வில்லைதான் தொலைஞ்சு போச்சே. தூக்கத்துல எழுதினியாடி?"

"தப்பா எழுதிட்டேன்க்கா. குடுங்க, தூக்கிப் போட்டுடுறேன்."

"நல்லா போட்ட. இது யாரோ ஒருத்தரோட ரத்தம்தானே? கூப்பிட்டுப் பாக்குறேன், வாய் தேஞ்சா போயிடும்."

கூடத்தில் அக்காவின் குரல் ஒலித்தது. ஆய்வகக்காரி கண்ணாடி வழியே பார்த்தாள். யாரும் அசையவில்லை. பிறகு, காலியாக இருந்த கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். ஒரு கை வயிற்றில். மற்றதில் பச்சை பிடித்த வில்லை.

ஆலோசனை அறைக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான்.

"எத்தனை மாசம்?"

"மூணு."

"வீட்டுக்காரர்?"

"கப்பல்ல."

ஆய்வகக்காரி தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பயப்படாதம்மா. இன்னொரு தடவை ரத்தம் பாத்துட்டு ஊசி போட்டுடலாம். புள்ளையைக் காப்பாத்திடலாம்."

"அவ்வளவுதானா?" என்றது அந்தக் குரல். "அன்னிக்கு நான் இருந்து கேட்டிருக்கலாம்."

ஆலோசகர் ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "மருந்து எடுக்கத் திரும்பினேன், ஆளைக் காணோம். இந்தப் பக்கம் வந்தாளா? கதவுகிட்ட நான்தானே நின்னேன்."

ஆய்வகக்காரி எழுந்து அவளைத் தாண்டி ஆலோசனை அறைக்குப் போனாள். நாற்காலியில் வில்லை மட்டும் கிடந்தது. கிணற்றடியிலிருந்து எடுத்ததுபோல் சில்லிட்டிருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவளே அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாப்பத்தொண்ணு நான்தான்க்கா."

ஆலோசகர் வில்லையைப் பார்த்தாள், அவள் வயிற்றைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள்.