குனிந்தால் தெரியாது

வழி தேடி விளையாடும் கண்ணாடிக் கூடத்துக்குள் போகிற ஆளுக்கெல்லாம் வாசலில் ஒரு ஜோடி பிளாஸ்டிக் கையுறை கொடுத்தார்கள். கண்ணாடியில் கைரேகை படியக் கூடாதாம். நாத்தனார் அந்த உறையை இரண்டு விரலால் தூக்கி, செத்த பல்லியைப் பிடித்தவள் மாதிரி முகத்துக்கு நேரே ஆட்டிப் பார்த்தாள். "தப்பா எடுத்துக்காதேம்மா, இதை இதுக்கு முன்னாடி எவ எவ போட்டாளோ" என்று டிக்கெட் கிழித்த பெண்ணிடம் சொன்னாள். புதுசுதான் மேடம் என்று அந்தப் பெண் பிரிக்காத பாக்கெட்டைக் காட்டியும் நம்பிக்கை வரவில்லை. கடைசியில் தம்பி பெண்டாட்டியிடம் நீட்டி, "நீ ஊதிப் பாரு" என்றாள். பார்லர்காரி வாங்கி ஊதினாள். ஐந்து விரலும் விறைத்து நின்றன. "புதுசுதான் அண்ணி" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். சிரித்த கையோடு குனிந்து, தன் பிள்ளை சின்னவனின் ஷூ லேஸை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். காலையில் கிளம்பியதிலிருந்து அந்த லேஸ் படாத பாடு பட்டுவிட்டது. பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை.

பார்லர்காரி என்பது நாத்தனார் வைத்த பேர். கல்யாணமாகி வந்த முதல் மாதத்தில் வைத்தது. வீட்டில் எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. பேருக்கேற்றபடி அவள் ஒரு பார்லரில்தான் வேலை பார்த்தாள். முடி வெட்டுவது, சாயம் போடுவது, முகத்தைத் தேய்த்துக் கழுவுவது. இந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவளும் பின்னால் நிற்கிறவளும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்துக்கொள்வதே இல்லை. இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள், நாம்தான் பின்னால் நிற்கிறோமே என்று வாடிக்கையாளரின் தலைக்கு மேலே உதட்டைச் சுளித்து மாட்டிக்கொள்வார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். அவளுடைய கண் உனக்குத் தெரிகிறது என்றால் உன்னுடைய கண் அவளுக்குத் தெரியும். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். சுளிக்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். கண்ணாடிக்குக் கீழே சீப்பு வைக்கிற டிராயர் ஒன்று இருக்கும். அதற்குள் சீப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்து, வேண்டிய மட்டும் சுளித்துவிட்டு, நிமிரும்போது பழைய சிரிப்போடு நிமிர வேண்டும். "முடி பட்டு மாதிரி இருக்குக்கா உங்களுக்கு." அந்த டிராயர் பார்த்த முகங்களை மனிதர் யாராவது பார்த்திருந்தால் ஒரு வாரம் சோறு இறங்காது.

அவளுக்கு இப்போது தேவை அடுத்தவள் கடையின் டிராயர் அல்ல, சொந்தமாக ஒன்று. நாத்தனார் வீட்டுக் கீழ்த்தளத்தில், தெருவைப் பார்த்த மாதிரி ஒரு அறை சும்மா கிடந்தது. அதில் இருந்த தையல்காரர் காலி செய்துவிட்டுப் போய் வருஷத்துக்கு மேலாகிறது. தண்ணீர்க் குழாய் உண்டு, ஷட்டர் உண்டு, எதிரிலேயே பஸ் நிற்கிறது. பார்லர்காரி மனதுக்குள் அங்கே இரண்டு நாற்காலி போட்டு, சுவருக்கு வெளிர்ப் பச்சை அடித்து, வாசலில் பலகையும் மாட்டியாகிவிட்டது. அக்காவிடம் கேட்க வேண்டியவன் அவள் புருஷன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன்; பாதி மாடியில் நின்றுபோன லிஃப்டுக்குள் குதிக்கத் தைரியம் உண்டு, கூடப் பிறந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்க நாக்கு எழும்பாது. "நேரம் பாத்துக் கேக்கறேன்" என்பான். அவன் நேரம் பார்த்துக்கொண்டே இருந்ததில் வருஷம் ஒன்று ஓடிவிட்டது. அதனால்தான் பிள்ளைகளின் லீவுக்கு இந்த டூர், அதனால்தான் முன் சீட்டில் நாத்தனார். நாத்தனாரின் புருஷன் வரவில்லை. பெண்டாட்டி போகிற இடத்துக்குத் தான் போவதில்லை என்பது அந்த மனிதர் வாழ்க்கையில் எடுத்த ஒரே உருப்படியான முடிவு. திரும்பி வரும்போது காரில் கேட்பது என்று திட்டம். அதுவரை தேனொழுகப் பேச வேண்டும். காரியம் ஆகும்வரை காலைப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆனால் எப்பேர்ப்பட்ட கால்! நாத்தனார் யாரைப் பார்த்தாலும் முதலில் அவர்கள் உடுத்தியிருக்கும் துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பாள். "தப்பா எடுத்துக்காதே, இது எத்தனை சலவைக்குத் தாங்கும்?" என்பாள். தப்பாக எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியே இல்லாத விஷயங்களை மட்டும்தான் அவள் அப்படித் தொடங்குவாள். "எனக்கெதுக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே தட்டில் இருப்பதில் பெரிய துண்டாகப் பார்த்து எடுப்பாள். இதையெல்லாம் வீட்டில் ராத்திரிச் சாப்பாடானதும் பார்லர்காரி செய்து காட்டுவாள். துண்டைத் தோளில் போட்டு, வயிற்றை முன்னால் தள்ளி, சின்னவனின் பனியனைத் தேய்த்து, "தப்பா எடுத்துக்காதேடா" என்று அவள் இழுக்கும்போது பிள்ளைகள் இரண்டும் தரையில் விழுந்து புரளும். பெரியவளுக்கு ஒன்பது வயது. அவள் சிரிப்பதோடு நிற்பதில்லை. கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பாள். லீவு நாளில் கடைக்குக் கூட்டிப் போனால் அங்கேயும் அதே பார்வைதான். மறுநாள் பல் தேய்க்கும்போது அதை அப்படியே செய்வாள், தாய் செய்ததைவிட ஒரு படி மேலாகவே. என் பிள்ளை எப்படிப் பிடித்துக்கொள்கிறது பார் என்று பார்லர்காரிக்குத்தான் எத்தனை பெருமை! சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்களுக்கு, வைக்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கும்.

"என் மருமக என்கூட வரட்டும்" என்று பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு நாத்தனார் முதலில் உள்ளே போனாள். சின்னவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு புருஷன் போனான். பைகளை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுப் பார்லர்காரி கடைசியாக நுழைந்தாள். இரண்டு திருப்பத்துக்குள் எல்லோரும் காணாமல் போய், அவள் மட்டும் பத்துப் பதினைந்து பேராக நின்றாள். ஊதா விளக்கு, கூரையிலிருந்து ஒரு டொய்ங் டொய்ங் சங்கீதம். இதற்கு இவ்வளவு கூட்டம்! மூஞ்சியைப் பார்க்க வீட்டில் கண்ணாடி இல்லாத ஜனங்கள். அதையும் ஒழுங்காகத் துடைத்திருக்கிறார்களா என்றால் இல்லை. ஈரத்துணியால் வட்டம் வட்டமாக இழுத்து, கோடு கோடாக விட்டிருந்தார்கள். அவள் வேலை பார்க்கிற கடையில் எவளாவது இப்படித் துடைத்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்திருக்கும். எங்கேயோ ஒரு அப்பன் "இந்தப் பக்கம்தான், எனக்குத் தெரியும்" என்று அதட்டிய கையோடு ணங் என்று முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவளுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

அப்போதுதான் பெரியவளின் குரல் கேட்டது. "அத்தை, எங்கம்மா கடையில எப்படி இருப்பாங்க, செஞ்சு காட்டவா?"

பார்லர்காரி நிமிர்ந்து பார்த்தாள். எதிரே அவர்கள் இருவரும் நின்றார்கள். இடது பக்கமும் நின்றார்கள். தள்ளி, சின்னதாக, இன்னும் சின்னதாகவும் நின்றார்கள். எது ஆள், எது பிம்பம் என்று தெரியவில்லை. நாத்தனார் ஒரு தூணில் சாய்ந்து, கையுறையைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தாள். "செய்யேன், பாப்போம்" என்றாள்.

பெரியவள் இல்லாத நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். இல்லாத முடியை இரண்டு கையாலும் அள்ளி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணாடியைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். "முடி பட்டு மாதிரி இருக்குக்கா உங்களுக்கு." பிறகு குனிந்தாள். இல்லாத டிராயரை இழுத்தாள். அங்கே, முழங்கால் உயரத்தில், அந்தச் சின்ன முகம் கோணியது. மூக்கு சுருங்கி, மேலுதடு ஒரு பக்கமாக ஏறி, கண் மேலே செருகி, அப்பப்பா, எத்தனை அருவருப்பு! நிமிர்ந்தபோது அதே சிரிப்பு. "எந்த ஷாம்பு போடுறீங்கக்கா?"

நாத்தனார் குலுங்கிச் சிரித்தாள். "அடிப்பாவி! உங்கம்மா இப்படியா செய்யறா?"

"எல்லாருக்கும் செய்வாங்க அத்தை. உங்களுக்கு டிராயர் இல்லல்ல, அதனால தம்பி லேஸ்."

"லேஸா?"

"காலைல நீங்க எங்கம்மா டிரெஸ்ஸைத் தொட்டுப் பாத்தீங்கல்ல, அப்போ ஒண்ணு. இட்லி பத்தலன்னு கேட்டு வாங்கினீங்கல்ல, அப்போ ஒண்ணு. இப்போ வாசல்ல கிளவ்ஸுக்கு ஒண்ணு." குழந்தையின் குரலில் துளி விஷம் கிடையாது. நல்ல தமாஷை நல்ல ரசிகரோடு பகிர்ந்துகொள்கிற சந்தோஷம்தான் இருந்தது. "வீட்ல உங்களை மாதிரியே பேசுவாங்க, செம்மையா இருக்கும். தப்பா எடுத்துக்காதேடா..." வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவள் நாத்தனாரின் புடவை ஓரத்தையே பிடித்துத் தேய்த்தாள்.

பார்லர்காரி ஓடினாள். "ஏய்!" என்று கத்த வாயைத் திறந்தபடி நேராக மகளை நோக்கி ஓடி, மகளுடைய பிம்பத்தில் நெற்றியைக் கொண்டுபோய் இடித்தாள். ணங். கண்ணில் நீர் முட்டியது. வலது பக்கம் திரும்பினால் அங்கேயும் கண்ணாடி. இடது பக்கம் வழி மாதிரி இருந்தது. கையை நீட்டினால் கண்ணாடி. நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது நாத்தனார் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு கோடாகத் துடைத்த அந்தக் கண்ணாடிக்குள், ஊதா வெளிச்சத்தில், நேராக அவள் கண்ணுக்குள்.

சிரிப்பு நின்றிருந்தது. அந்த முகத்தில் கோபம் வந்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். காலில் விழுந்தாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். அதில் கோபமே இல்லை. சேலை ஓரத்தைத் தேய்த்துப் பார்த்து, இவ்வளவுதானா என்று விட்டுவிடுகிற பார்வை அது. பிறகு அந்த அம்மாள் பார்லர்காரியின் கண்ணிலிருந்து கண்ணை எடுக்காமலே குழந்தையின் தலையைத் தடவினாள்.

"அந்த டிராயரை இன்னொரு தடவை செஞ்சு காட்டுடி என் கண்ணு" என்றாள்.

பெரியவள் செய்தாள். எதிரிலும் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்பது வயதுக் குழந்தைகள் ஒரே நேரத்தில் குனிந்து, ஒரே நேரத்தில் சுளித்து, ஒரே நேரத்தில் சிரித்தபடி நிமிர்ந்தார்கள். தன் முகம் அப்படி இருக்கும் என்று பார்லர்காரிக்கு இத்தனை நாள் தெரியாது. குனிந்து செய்கிற முகத்தைச் செய்கிறவள் பார்க்க முடியாதே. எல்லோரையும் கேவலமாகப் பார்க்கிற முகம் என்று ஒரு கெத்தோடு நினைத்து வைத்திருந்தாள். இது வெறுமனே கேவலமான முகமாக இருந்தது.

வெளியே வர அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. புருஷன் ஐஸ்க்ரீம் வாங்கி வைத்துக்கொண்டு நின்றான். "நெத்தியில என்ன, முட்டிக்கிட்டியா?" என்று சிரித்தான். பெரியவள் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அம்மா, நான் செஞ்சதுக்கு அத்தை எவ்ளோ சிரிச்சாங்க தெரியுமா!" என்றாள். அந்தக் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் என்று கை துறுதுறுத்தது. எதற்கென்று சொல்லி வைப்பது? "எனக்கெதுக்கும்மா" என்று நாத்தனார் பெரிய கோனாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள்.

கார் கிளம்பியது. புருஷன் ஓட்டினான், முன் சீட்டில் நாத்தனார், பின்னால் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே பார்லர்காரி. இன்றைக்கு வேண்டாம் என்று அவனுக்கு எப்படியாவது சொல்லிவிட வேண்டும். அவன் சீட்டின் முதுகில் முழங்காலால் இடித்தாள். அவன் அதைச் சரியாகத் தப்பாகப் புரிந்துகொண்டான். ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அவனுக்கு அப்போது வந்துவிட்டது. தொண்டையைச் செருமி, "அக்கா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றான். "கீழ் ரூம் சும்மாத்தானே கிடக்கு. இவ ஒரு பார்லர் வைக்கலாம்னு..."

நாத்தனார் கையை உயர்த்தி, வெயிலுக்கு மறைப்பாக மடித்து வைத்திருக்கும் தடுப்பைக் கீழே இறக்கினாள். அதன் பின்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதில் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு, கொஞ்சம் சாய்த்து, பின் சீட்டுக்குச் சரியாக நிறுத்தினாள். நாற்காலியில் வந்து உட்கார்ந்த வாடிக்கையாளர் மாதிரி, கண்ணாடிக்குள்ளிருந்து பேசினாள்.

"தப்பா எடுத்துக்காதே. அந்த ரூமை நீயே எடுத்துக்கோ. வெளி ஆளுக்குக் குடுக்கறதுக்கு நம்ம வீட்டுப் பொண்ணு வெச்சா என்ன? நல்ல பெரிய கண்ணாடியா மாட்டு, தரை வரைக்கும் வர்ற மாதிரி. எனக்கும் மேல தனியா உக்காந்து போரடிக்குது. தினம் வந்து கடையில உக்காந்துக்கறேன்."

"பாத்தியா! அக்கா மனசு யாருக்கு வரும்!" என்றான் புருஷன். ஸ்டீயரிங்கைத் தட்டினான். லாட்டரி அடித்தவன் மாதிரி முகம் மலர்ந்திருந்தது.

வெளிர்ப் பச்சைச் சுவர், இரண்டு நாற்காலி, வாசலில் பலகை. எல்லாம் கிடைத்துவிட்டது. மூலையில் ஒரு மூன்றாவது நாற்காலி, அதில் தினமும் அந்தக் கண். "ரொம்ப... ரொம்ப சந்தோஷம் அண்ணி" என்றாள் பார்லர்காரி. பல் தெரியச் சிரித்தாள். தன் சிரிப்பை இப்போது அவளாலேயே தாங்க முடியவில்லை.

"சின்னவன் லேஸ் அவுந்திருக்கு பாரு" என்றாள் நாத்தனார் கண்ணாடியிலிருந்து. "குனிஞ்சு கட்டிவிடு."

நிஜமாகவே அவிழ்ந்திருந்தது. பெரியவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தாயின் முழங்காலுக்குக் கீழே இப்போது வரப்போகிற முகத்துக்காகக் கண் மின்னக் காத்திருந்தாள். பார்லர்காரி முதுகை நேராக வைத்துச் சிரித்தபடியே இருந்தாள். கார் குலுங்கும்போதெல்லாம் லேஸின் நுனி சீட்டின் ஓரத்தில் தட்டிக்கொண்டே வந்தது.