முப்பத்தோரு ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம்

தாழ்ந்த ஒலிகளை அளக்கும் நாளில் வீட்டுச் சுவர்கள் இரண்டு மணி நேரம் வெளியே போய் நிற்க வேண்டும். கீச்சொலிகளுக்கு இது தேவையில்லை. அவற்றின் அலை விரல் நீளம்தான், சுவரைத் தொட்டுத் திரும்புவதற்குள் அளந்து முடித்துவிடலாம். இருபது ஹெர்ட்ஸ் ஒலியின் அலை ஐம்பத்தாறு அடி. எங்கள் அறை பதினான்கு அடி. சுவர்கள் இருக்கும்போது அளந்தால் அறையைத்தான் அளப்போம், ஸ்பீக்கரை அல்ல.

பெட்டியைக் கடற்கரைக்குத் தூக்கிப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நான் செய்த பெட்டி நூற்றுப்பத்து கிலோ. சுவர்களுக்கு நடக்கத் தெரியும்.

நான் தூத்துக்குடியில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆய்வக உதவியாளன். போன வருஷம் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என் மனைவி செலஸ்டினாவுக்கு நாற்பது ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கேட்பதில்லை. கப்பல் எஞ்சின் கேட்கும். பாரம் ஏற்றிய லாரி கேட்கும். என் குரல் நூற்றுப்பத்து ஹெர்ட்ஸ். ஒன்றரை வருஷமாக அவளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன். என் குரலை நான்கில் ஒரு பங்காகத் தாழ்த்தினால் இருபத்தேழரையில் வந்து நிற்கும். அதை ஒழுங்காக ஒலிக்கும் ஸ்பீக்கர் கடையில் கிடைக்காததால் நானே ப்ளைவுட் அறுத்து ஒட்டி ஒன்று செய்தேன். அறையில் வைத்துப் பேசிப் பார்த்தபோது மூலையில் இடி இடித்தது. அவள் உட்காரும் இடத்தில் ஒன்றுமே இல்லை. பெட்டியின் குற்றமா, அறையின் குற்றமா என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியும்.

என்னுடைய மூன்று சுவர்களும் உடனே ஒப்புக்கொண்டன. நான்காவது பொதுச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் என் அண்ணன் கஸ்மீர் இருக்கிறார். வீட்டை இரண்டாகப் பிரித்தபோது கடலைப் பார்த்த ஒரே ஜன்னல் என் பக்கம் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஆறு வருஷமாக அண்ணன் என்னோடு பேசுவதில்லை. பொதுச் சுவர் போனால் அவர் வீட்டின் மற்ற மூன்று சுவர்களும் போகத்தான் வேண்டும், இல்லாவிட்டால் ஒலி அவற்றில் பட்டுத் திரும்பும். ஆகவே நான் தெரு வழியாகச் சுற்றிப் போய் அண்ணன் வாசலில் நின்றேன். அண்ணன் மனைவி, மைனிதான் கதவைத் திறந்தார். அண்ணன் உள்ளே நாற்காலியில் பொதுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மைனி, ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு நாலு சுவரும் வேணும். ரெண்டு மணி நேரம்தான். செலஸ்டினாவுக்காவ" என்றேன்.

மைனி திரும்பிப் பார்த்தார். அண்ணன் சுவரிடம் பேசுவது போல, "நாலுக்குள்ள திரும்பி வந்துரணும்னு சொல்லு. நான் எங்கயும் போவ மாட்டேன். இங்கனயேதான் இருப்பேன்" என்றார்.

"இருக்கட்டும் மைனி. மனுசங்க தாழ்ந்த ஒலியத் தடுக்க மாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு ஏழு சுவர்களும் வரிசையாகக் கடற்கரைக்குப் போயின. கூரை மட்டும் அப்படியே நின்றது. அதற்கு நடக்கத் தெரியாது. அதன் எதிரொலியைக் கணக்கில் கழித்துக்கொள்வது வழக்கம். பொதுச் சுவர் நின்ற இடத்தில் ஒன்பது அங்குல அகலத்துக்குப் பழைய சிவப்புத் தரை புதிது போல் மின்னியது. அதற்கு அப்பால் அண்ணன், பெட்டியின் முதுகைப் பார்த்தபடி. அவருக்குப் பின்னால் மைனி இறால் உரித்துக்கொண்டிருந்தார். செலஸ்டினா என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, மைனியைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஸ்பீக்கரின் கோனிலிருந்து அரை விரல் தள்ளி மைக்கை வைத்து முதல் அளவை எடுத்தேன். திரையில் இருநூறு ஹெர்ட்ஸிலிருந்து இறங்கி வந்த கோடு இருபத்திரண்டு வரை மேசை போல் நேராக இருந்தது. பிறகு மைக்கை மூன்றடி தள்ளித் தரையில் வைத்து எடுத்தேன். முப்பத்தோரு ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் இருந்தது. அதன் ஒரு கரை என் குரல் நிற்க வேண்டிய இருபத்தேழரையையும் விழுங்கியிருந்தது.

மறுபடி எடுத்தேன். பள்ளம் அங்கேயே இருந்தது.

"என்னா, சரியில்லையா?" என்றார் அண்ணன். ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"எதுலயோ பட்டுத் திரும்புதுண்ணே. பெட்டிக்குப் பின்னால ஒம்பதடியில."

டேப்பின் ஒரு நுனியைப் பெட்டியில் பிடித்துக்கொண்டு மற்றதை நீட்டினேன். தரையின் சிவப்புப் பட்டையைத் தாண்டிப் போய், ஒன்பதடி ஓரங்குலத்தில் அது அண்ணனின் சட்டைப் பொத்தானைத் தொட்டது. அவர் குனிந்து எண்ணைப் படித்தார்.

"நாந்தானா?"

"ஆமாண்ணே."

அவர் நாற்காலியோடு இரண்டடி பின்னால் நகர்ந்தார். அளந்தேன். பள்ளம் இருபத்தைந்துக்கு வந்தது. அது இன்னும் மோசம்.

"நான் எவ்வளவு தூரம் போகணும்?"

"பத்தொம்பதடி போனா பள்ளம் பெட்டிக்குக் கீழ எறங்கிரும். தெருவுக்குப் போகணும். இல்லன்னா பக்கத்துல வரணும். ஒரு அடிக்குள்ள வந்துட்டா பள்ளம் இருநூத்தம்பதுக்கு மேல போயிரும். அங்க இந்தப் பெட்டிக்கு வேல இல்ல."

அண்ணன் தெருவைப் பார்த்தார். தார் உருகும் வெயில். மைனி இறாலிலிருந்து தலையைத் தூக்காமல், "வெயில்ல போயி நிக்கணும்னு ஒமக்கு என்ன நேத்திக்கடனா?" என்றார்.

அண்ணன் எழுந்தார். நாற்காலியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் கட்டியிருந்த சாரத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஓடையைத் தாண்டுவதுபோல் அந்த ஒன்பது அங்குலத்தைத் தாண்டினார். பெட்டியை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஜன்னல் இருந்த சுவரும் போயிருந்ததால் எங்கள் எல்லோருக்கும் முன்னால் கடல் முழுதாகத் தெரிந்தது. அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

"என் மூச்சும் அளவுல விழுமா? மெதுவா விடட்டா?" என்று கேட்டார்.

"சாதாரணமா விடுங்கண்ணே."

கோடு நேராக வந்தது. அதை மூன்று முறை சரிபார்த்தேன். பிறகு வேறு மைக்கை எடுத்து, குரல் தாழ்த்தும் கருவியில் செருகி, செலஸ்டினாவைப் பார்த்தேன். ஒன்றரை வருஷமாகச் சிலேட்டில் எழுதாமல் சேர்த்து வைத்திருந்தது நிறைய இருந்தது.

"சாப்பிட்டியா?" என்றேன்.

தரை லேசாக அதிர்ந்தது. செலஸ்டினா ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்களுக்கு முன்னாலதான சாப்பிட்டேன்? எதிர உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. "ஏன் இப்படிக் கப்பல் மாதிரி பேசுதீங்க?"

"இனிமே இப்படித்தான்" என்றேன். மைக்கை அண்ணனிடம் கொடுத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் குரல் எண்பத்தெட்டு. தாழ்த்தினால் இருபத்திரண்டு. பெட்டியின் கடைசிப் படி.

"நான் கஸ்மீர்" என்றார்.

"தெரியும் அத்தான். கண்ணு நல்லாத்தான இருக்கு" என்றாள் செலஸ்டினா.

மைனி அங்கிருந்தே சத்தமாகச் சிரித்தார். அது அவளுக்குக் கேட்கவில்லை. அண்ணன் மைக்கில், "ஒன் அக்கா சிரிக்கா" என்று சொன்னார். அவள் திரும்பிப் பார்த்துத் தானும் சிரித்தாள்.

நான்கு மணிக்குச் சுவர்கள் திரும்பி வந்தன. பெட்டி நல்லது என்று முடிவாகிவிட்டதால் இனி மிச்சமிருப்பது சுவர்களோடு பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். பொதுச் சுவர் தன் இடத்தில் சரியாக வந்து நின்றது. அண்ணன் எங்கள் பக்கமே உட்கார்ந்து, இடி இடித்த மூலைக்கு ஸ்டூலை நகர்த்திக்கொண்ட செலஸ்டினாவிடம் மைக்கில் துறைமுகத்துக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். மைனி தெரு வழியாக வாளியோடு வந்து, உப்புக் காற்று படிந்திருந்த சுவர்களை ஒவ்வொன்றாகக் கழுவினார். எட்டாவதாக, இவற்றோடு கடற்கரையிலிருந்து வந்துவிட்ட இளம்பச்சைச் சுவர் ஒன்று வாசல் பக்கம் நின்றது. அதையும் கழுவினார்.

அந்தச் சுவரில் இருந்த ஜன்னல் திறந்தது. முகமெல்லாம் ஷேவிங் சோப்பு நுரையோடு ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இது எந்த ஊருங்க?"

"தூத்துக்குடி" என்றேன்.

அவர் உள்பக்கம் திரும்பி, "தூத்துக்குடியாம். அரிசிய ஊறப் போட்டுரு" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார். மைனி வாளியை நிரப்பிக்கொண்டு அதன் பின்பக்கத்தைக் கழுவப் போனார்.