மரத்துக்கு விட்ட அறுபது

பரந்தாமனின் முதல் குத்து ஜம்புலிங்கத்தின் வாயில் விழுந்தது. மூக்கிலோ நெஞ்சிலோ அல்ல, வாயில்தான். அந்த வாய் பேசத் தொடங்கியிருந்தது.

"பரந்தாமா, மரத்துக்குன்னு நான் உட்டுக்…"

மீதியைக் கிழவர் பல்லோடு சேர்த்து விழுங்கினார்.

"கொலகாரப் பாவி! செல்லரிச்ச ஊட்டை வித்துட்டு எழவுக்கு வேற வந்துகீறியா?" என்று பரந்தாமன் கத்தினான். சனம் கூடிவிட்டது.

பந்தலில் அவன் அண்ணன் மணவாளன் பிணமாகக் கிடந்தான். வானகரத்தில் இந்த ஓட்டு வீட்டை வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. ராத்திரி மழையில் ஒழுகியதென்று காலையில் ஓடு மாற்ற ஏறினான். ஓட்டைத் தாங்கிய கைமரங்களில் மூன்று ஒரே சமயத்தில் முறிந்தன. ஓட்டோடு ஓடாக அவன் கீழே வர, முகட்டு உத்தரம் வந்து அவன் நெஞ்சின்மேல் உட்கார்ந்தது.

பனங்கைமரம் ஏமாற்றும் மரம். பனைக்கு வைரம் வெளியே, சோறு உள்ளே. சுவர் வழியாக ஏறும் கரையான் சோற்றை மட்டும் தின்றுவிட்டுக் கறுத்த தோலை அப்படியே விட்டுவைக்கும். கீழே நின்று தட்டினால் கணீரென்று கேட்கும். சுவரில் உட்காரும் நுனியைக் கடப்பாரையால் குத்திப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் வீடு வாங்கும்போதே மேல்மரம் மாற்றுவதற்கென்று ஒரு தொகையை விலையில் கழித்துக்கொள்வார்கள். மணவாளன் தட்டிப் பார்த்தான். பரந்தாமன் குத்திப் பார்த்தான்.

விலை பேசியதும் பரந்தாமன்தான். மாட்டுத் தரகன் அவன். சந்தையில் செய்வதுபோலவே துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரல் பிடித்துப் பேசினான். ஒரு விரல் பத்து, முழுக்கை ஐம்பது. துண்டுக்குள் நடப்பது இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். முந்நூறு கேட்ட ஜம்புலிங்கம், "மேல்மரம் போய்கீது, மழைக்கு முன்னே மாத்திடு" என்று காதோடு சொல்லி அறுபதைக் குறைத்தார். அண்ணனிடம் பரந்தாமன் முந்நூறென்றே சொன்னான். முத்திரைச் செலவுக்குப் பயந்து எல்லாரும் பத்திரத்தில் குறைத்தே எழுதுவார்கள். ஆகவே பத்திரமும் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஜார்ஜ் ராஜா தலை போட்ட அந்த அறுபது வெள்ளி ரூபாய்க்கு ஒரு ஜோடிக் காளை பிடித்தான். விற்று, வருகிற லாபத்தில் தேக்காகவே போட்டுவிடலாம் என்று விலை ஏறக் காத்திருந்தான். மழை முந்திக்கொண்டது.

இரண்டாவது குத்தையும் வாயிலேயே விட்டான். பல் அவன் விரல்முட்டியைக் கிழித்தது. மூன்றாவதில் கிழவர் மண்ணில் சாய்ந்தார்.

"சட்டி பானையைக்கூட தட்டிப் பாத்து வாங்குவான் மணவாளன். அவனையே ஏமாத்திகீறான் பாரு கெயவன்!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

மணவாளனின் மைத்துனன் தசரதன் முறிந்த கைமரத் துண்டோடு பாய்ந்து வந்தான். "நவுரு மாமே! யோவ், தெரிஞ்சுதானே வித்தே? வாயத் தொறந்து சொல்லுய்யா!"

திறந்த வாயிலிருந்து ரத்தம்தான் வந்தது. பரந்தாமன் ஒரு வார்த்தை சொன்னால் கட்டை இறங்காது.

"போடுடா" என்றான் பரந்தாமன்.

அடி இடது தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. தசரதன் மறுபடி ஓங்கினான், இந்தத் தடவை தலைக்கு.

ஜம்புலிங்கம் தன் துண்டை இழுத்து வலது கையின்மேல் போட்டுப் பரந்தாமனிடம் நீட்டினார். பேச முடியாதவர் விரல் பிடிக்கக் கூப்பிட்டார். பரந்தாமன் இரண்டடி பின்வாங்கினான்.

பிணத்தின் தலைமாட்டிலிருந்து கன்னியம்மாள் எழுந்து வந்தாள். மணவாளன் பெண்டாட்டி. அவள் அப்பனும் மாட்டுத் தரகன்; விரல் கணக்கு தெரிந்தவள். ஓங்கிய கட்டைக்குக் கீழே கிழவர் எதிரே குந்தி, துண்டுக்குள் கையை விட்டாள். அவள் முழுக்கையையும் சேர்த்துக் கிழவர் ஒரு பிடி பிடித்தார். பிறகு ஒற்றை விரல். திறந்து கிடந்த கூரையை முகவாயால் காட்டினார். பிறகு பரந்தாமனைக் காட்டினார்.

அவள் பரந்தாமனின் கிழிந்த விரல்முட்டியைப் பார்த்தாள்.

"தசரதா, கட்டையைக் கீயே போடு."

"இன்னாக்கா சொல்றே? இந்த ஆளு…"

"போடுடா. வண்டியைக் கட்டி இவரை ஊட்ல கொண்டுபோய் உடு."

தசரதன் விழித்தான். கட்டையைப் போட்டுவிட்டு வண்டி கட்டப் போனான்.

மணவாளனைக் குளிப்பாட்டிக் கிடத்தினார்கள். கன்னியம்மாள் அரிசி முறத்தோடு பரந்தாமன் முன்னால் வந்து நின்றாள்.

"வாய்க்கரிசி போடு. அவருக்குக் கூடப் பொறந்தவன் நீ ஒருத்தன்தான்."

அவன் கையை நீட்டினான். ஒரு பிடி அள்ளி அந்த உள்ளங்கையில் வைத்தாள். அண்ணன் வாய்மேல் கையைக் கொண்டுபோய் விரல்களைப் பிரித்தான். அரிசி விழவில்லை. உதறினான். இரண்டு மணி விழுந்தது. மற்றதெல்லாம் முட்டியிலிருந்து வழிந்த ரத்தத்தில் சிவந்துபோய் விரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.