இரண்டாவது கன்ட்ரோலர்

கேம் விளையாடுகிற ஒரு பெட்டியை வாங்குவதற்கு மனுஷன் இப்படியா நடுங்குவான் என்று கேட்டால், அந்த லிஃப்ட் மெக்கானிக்கிடம் பதில் கிடையாது. இருபது மாடிக் கட்டடத்தில் லிஃப்டின் கூரைமேல் நின்றுகொண்டு கம்பி வடத்துக்கு கிரீஸ் தடவுகிறவர் அவர். அங்கே நடுங்காத கால், பழைய எலக்ட்ரானிக் சாமான் கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நடுங்கிக்கொண்டிருந்தது.

பெட்டி ஒரு சாக்குதான், விஷயம் மகள். பதின்மூன்று வயது. அவரும் அவள் அம்மாவும் பிரிந்ததிலிருந்து சனிக்கிழமை மட்டும் அப்பா வீட்டுக்கு வருவாள். போன வாரம் தலைவலி என்று வரவில்லை. அதற்கு முந்தின வாரம் பரீட்சைக்குப் படிக்கணும் என்றாள். இரண்டு சனிக்கிழமையும் மாமா வீட்டில் கேம் ஆடிக்கொண்டிருந்தாள் என்பது எப்படியோ இவர் காதுக்கு வந்துவிட்டது. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை, அவளோ மரியாதையாகப் பேச ஆரம்பித்திருந்தாள். சாப்பாடு எப்படி என்றால் "நல்லா இருக்குப்பா." வெளியே போகலாமா என்றால் "உங்க இஷ்டம்ப்பா." விருந்துக்கு வந்தவர்கள் பேசுகிற பேச்சு அது. இன்னும் இரண்டு வாரம் இப்படிப் போனால் சனிக்கிழமை என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பேச்சுக் கொடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் முதலில் கதவை இரண்டு தட்டுத் தட்டுவார். "உள்ள எத்தனை பேரு?" என்பார். மூச்சு விட முடிகிறதா, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வேலையைப் பார்ப்பார். எவ்வளவு நேரம் ஆகும் என்று உள்ளிருந்து அழுகிறவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "ஆகும்போது ஆகும். நான் எங்கயும் போகல." மகள் சின்னவளாக இருந்தபோது லீவு நாளில் கூட வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்திருக்கிறாள். முன்பின் தெரியாதவர்களிடம் கதவு வழியாக அவ்வளவு பேசுகிறவருக்கு, பெற்ற பெண்ணிடம் உனக்கு எந்த கேம் பிடிக்கும் என்று கேட்க வாய் வரவில்லை.

"யாருக்குங்க?" என்றாள் கடைக்காரம்மா.

"பொண்ணுக்கு."

"என்ன கேம் ஆடுவாங்க?"

அவர் மென்று விழுங்கினார். "ஏதோ கட்டுவா. அப்புறம் யாராவது வந்து அதை இடிப்பாங்க."

"அது பாதி கேம்ல வரும். பொண்ணுகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடலாமே?"

கேட்கலாம். கேட்டால் "எதுன்னாலும் சரிப்பா" என்பாள். அந்த ஒரு பதிலுக்குப் பயந்துதான் அவர் திருடனைப் போலத் தனியாக வந்திருந்தார்.

கடைக்காரம்மா இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தாள். ஒன்று வெள்ளையாக, ஒல்லியாக இருந்தது. "இது புதுசு, வாரன்ட்டி இருக்கு. ஆனா டிஸ்க் போட வழி கிடையாது. ஒவ்வொரு கேமையும் நெட்லதான் வாங்கணும். பெட்டி மலிவு, தீனிதான் விலை." இன்னொன்று கறுப்பாக, குண்டாக இருந்தது. "இது பழசு. ஒரு டிஸ்க் ஆடி முடிச்சா இங்க கொண்டுவந்து கொடுத்துட்டு, மேல கொஞ்சம் போட்டு வேற எடுத்துக்கலாம். நின்னுபோச்சுன்னு மட்டும் என்கிட்ட வராதீங்க."

குண்டுப் பெட்டியை ஓடவிட்டு அதன் முதுகில் காதை வைத்துக் கேட்டார். ஃபேன் சீராகச் சுற்றியது. அப்புறம் சட்டென்று பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினார்.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"எங்க தொழில்ல அப்படித்தாங்க. மக்கர் பண்ணினா முதல்ல மெயினை அணைச்சுட்டு மறுபடி போடணும். அதுக்குத் தாங்குதான்னு பார்த்தேன்."

"இது லிஃப்ட் இல்லண்ணே."

அவர் குண்டுப் பெட்டியையே, கட்டுகிற கேம் டிஸ்க் ஒன்றோடு எடுத்துக்கொண்டார். ஒரு டிஸ்க் முடிந்தால் இன்னொரு டிஸ்க், அதை ஆட இன்னொரு சனிக்கிழமை. இந்தக் கணக்கை அவர் கடைக்காரம்மாவிடம் சொல்லவில்லை. பைக் டயருக்கென்று எடுத்து வைத்திருந்த காசில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் இரண்டாவது டிஸ்க் வாங்கலாம், இல்லையென்றால் கையில் பிடித்து ஆட இரண்டாவது கன்ட்ரோலர் வாங்கலாம், ஏதாவது ஒன்றுதான்.

"டிஸ்க்கே எடுங்க. ஒத்தப் பொண்ணு ஆடறதுக்கு ரெண்டாவது கன்ட்ரோலர் எதுக்கு?"

நியாயமான கேள்வி. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். "கன்ட்ரோலரே குடுங்க" என்று கடைசியில் சொன்னபோது கூச்சமாக இருந்தது. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று வீடு வரைக்கும் மனசு அரித்துக்கொண்டே வந்தது.

சனிக்கிழமை மகள் வந்தாள். தோள் பையைக் கழற்றாமல் சோபா நுனியில் உட்கார்ந்தாள்.

"மாமா வீட்டுல இருக்கிறது இதவிடப் புதுசுதான்" என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார்.

"பரவாயில்லப்பா. நல்லா இருக்கு."

டிஸ்க்கைப் போட்டார். திரையில், கேம் பெட்டிக்குள் ஏறுவதைக் காட்டும் ஒரு கோடு நீள ஆரம்பித்தது. அதற்குக் கீழே, இது முடியும்வரை கரண்டை அணைக்க வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கோடு பாதியைத் தாண்டியது, பிறகு நின்றது. அவரும் பார்க்கிறார், பார்க்கிறார், அது அசையவில்லை. ஃபேன் வேறு இரைய ஆரம்பித்தது. இதற்குள் மகளின் போனில் மெசேஜ் ஒலித்தது.

"அம்மாதான். சீக்கிரமே வந்து கூட்டிட்டுப் போகட்டுமான்னு கேக்கறாங்க."

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்ல வேண்டும். ஆனால் கை ஓடியது. இத்தனை வருஷம் மக்கர் செய்கிற மெஷின்களோடு பழகிய கை, அவரைக் கேட்காமலே சுவருக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்தது.

"அப்பா, அணைக்காதீங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் திரை இருண்டுவிட்டது. மறுபடி போட்டார். பெட்டியில் ஒரு விளக்குக்கூட எரியவில்லை. அவர் சுவரைப் பார்த்தபடியே நின்றார். திரும்பி அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லை.

"போச்சு. அந்தப் புதுசையே வாங்கித் தொலைச்சிருக்கணும். நீ கிளம்பணும்னா கிளம்பும்மா. அம்மாவை வரச் சொல்லு." மூச்சு மேலும் கீழுமாக வாங்கியது.

பின்னால் அவள் எழுந்து வரும் சத்தம் கேட்டது. பிறகு அவர் தலைக்குப் பக்கத்தில், சுவரில், இரண்டு தட்டு கேட்டது.

"உள்ள எத்தனை பேரு?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டார்.

"ஒருத்தர்தான்."

"மூச்சு விட முடியுதா?"

"முடியுது."

"எதையும் அமுக்காதீங்க. சுவிட்ச் பக்கமே போகாதீங்க. சரியா?"

"சரி."

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல."

"ஏன்?"

"நீ வருவியோ, மாட்டியோன்னு."

அவள் பெட்டியிடம் போய் அதன் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு சின்னச் சத்தம் வந்தது, விளக்கு எரிந்தது, திரையில் கோடு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அவர் அப்போதுதான் திரும்பினார்.

போன் மறுபடி ஒலித்தது. "இப்ப வர முடியாதும்மா. அப்பா உள்ள மாட்டிக்கிட்டாரு" என்று மகள் அதில் சொன்னாள். "விளையாட்டுக்குச் சொல்லல. ராத்திரி வந்து கூட்டிட்டுப் போங்க."

பையைக் கழற்றித் தரையில் போட்டாள். கேம் பெட்டி வந்திருந்த அட்டைப் பெட்டிக்குள் கையை விட்டவள், இன்னும் பிரிக்காத கன்ட்ரோலர் ஒன்று கிடப்பதைப் பார்த்தாள்.

"இது யாருக்குப்பா?"

"சும்மா. அதுவும் இருக்கட்டுமேன்னு."

அவள் உறையைப் பிரித்து, அதை அவர் கையில் வைத்து, அவருடைய இரண்டு கட்டைவிரல்களையும் எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்தாள். கோடு இன்னும் ஒரு நகத்தின் அளவுகூட நீளவில்லை. சோபாவில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"ஆகும்போது ஆகும்" என்றாள் மகள். "நான் எங்கயும் போகல."