சிவப்புத் துணிக் குச்சிகள்

பாதுகாக்கப்பட்ட அந்தக் கடலோர உப்புச் சதுப்பில் அவள் காவலர். ஆலாப் பறவை கூடெல்லாம் கட்டாது. வெறுந்தரையில் முட்டையிட்டுவிட்டு அக்கடா என்று உட்கார்ந்துவிடும். முட்டையும் மண் நிறம். வேடிக்கை பார்க்க வருகிற மகானுபாவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே மிதித்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு முட்டைக் குழிக்குப் பக்கத்திலும் சிவப்புத் துணி கட்டிய குச்சி நட்டாள்.

குச்சி சீவித் தந்தது வீட்டுக்காரர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்; வெட்டிக்கொண்டு வா என்றால் கட்டிக்கொண்டு வருகிற ஆள். மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு தினமும் சதுப்புக்குள் வருவார்.

"சிவப்பப் பாத்தா என் காலு தானா பிரேக் போடும். நீ கவலையே படாத" என்பார்.

காக்கைகளும் சிவப்பைப் பார்த்தன. முதல் காக்கை எப்படிக் கண்டுபிடித்ததோ, பிறகு குச்சி குச்சியாகப் பார்த்து இறங்கி முட்டையைத் தின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அவளுக்கு விஷயம் புரிந்தபோது ஒரே ஒரு குழிதான் மிச்சம். அதில் இரண்டு முட்டை. எல்லாக் குச்சிகளையும் பிடுங்கினாள். மற்ற காவலர்களிடம் சொன்னாள், அலுவலகத்தில் சொன்னாள். வீட்டில் மட்டும் சொல்லவில்லை. ஆசை ஆசையாகச் சீவித் தருகிற மனுஷனிடம், உங்கள் குச்சிதான் காக்கையைக் கூப்பிட்டது என்று எந்த வாயால் சொல்வது? மதியம் சாலைக்கே போய்ச் சாப்பாட்டை வாங்கிக்கொண்டால் அவர் சதுப்புக்குள் வரவேண்டியதில்லை, தீர்ந்தது என்று நினைத்தாள்.

அன்று மழை வரும்போல் இருக்கவே அவர் சீக்கிரமே கிளம்பிவிட்டார். அவள் பார்த்தபோது சதுப்பின் நடுவில் நடந்து வந்துகொண்டிருந்தார். "நில்லுங்க! நில்லுங்க!" என்று கத்தினாள். கடல் காற்றில் அவர் காதில் விழவில்லை. கையை ஆட்டிச் சிரித்தபடியே வந்தார்.

அந்தக் கடைசிக் குழியின் ஆலா ஜோடி கதறிக்கொண்டு தலைமேல் பாய்ந்த பிறகுதான் நின்றார். அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். அவர் காலடியில் இரண்டு முட்டையும் நசுங்கிவிட்டன. பொரிகிற பருவம், உடைந்த ஓட்டுக்குள் ஒரு குஞ்சின் அலகு லேசாகத் திறந்து மூடியது; மறுபடி திறந்தது, அப்புறம் மூடவில்லை.

"ஐயோ, இங்க குச்சியே இல்லையேம்மா" என்றார். இத்தனை வருஷம் ஒரு நாயைக்கூட அடிக்காமல் பஸ் ஓட்டியவர்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அவர் பக்கத்தில் குந்தினார். "அழாதம்மா. குச்சி காத்துல பறந்திருக்கும், நீ என்ன பண்ணுவ? அடுத்த தடவ இன்னும் கனமா, உயரமா சீவித் தரேன். துணியும் பெருசா கட்டிடலாம்."

அவள் சரி என்று தலையாட்டினாள்.