விறகுப் பெட்டிமேல் ரோடா

ஊரில் செத்துப்போகும் பிள்ளைகளெல்லாம் ஸில்பா கிராண்டனின் சமையலறைக்கு வந்து, அடுப்பை ஒட்டிய விறகுப் பெட்டிமேல் உட்கார்ந்துகொள்வார்கள். தங்கள் பேரில் அவள் எழுதும் இரங்கற்பாட்டு வாரப் பத்திரிகையில் அச்சாகும்வரை எழுந்து போகமாட்டார்கள். அமெரிக்காவின் மெய்ன் கடற்கரையில் இருந்த அந்த மீன்பிடி ஊரில், சாவுச் செய்திக்குக் கீழே நாலு வரி பாட்டில்லாமல் பிள்ளையை வழியனுப்புவது பட்டினி போட்டு அனுப்புவதற்குச் சமம். தொண்டை அடைப்பான் நோய் வந்த குளிர்காலங்களில் பெட்டிமேல் இடம் போதாது. வியாழக்கிழமை வாசலில் பத்திரிகை விழுந்ததும், பாட்டு வந்த பிள்ளை இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுப் போகும். சிலது சாத்தாமலும் போகும், வளர்ப்பு அப்படி.

அவள் புருஷன் எல்நாத்தன், தேவாலயத்து மூப்பன், இதைப் பற்றி ஒரு குறைதான் சொல்வான். “ஒரு கட்டை எடுக்கணும்னா நாலு பேரைத் தூக்கி வைக்க வேண்டியிருக்குடி. நம்ம போதகருக்கே இத்தனை கூட்டம் சேர்ந்ததில்ல!”

பாஸ்டன் மாத இதழ்க்காரர்கள் அவளைக் கண்டுபிடித்த பிறகு பாட்டுகள் தங்க ஓரம் வைத்த புத்தகமாயின. அட்டையில் ‘திருமதி எல்நாத்தன் கிராண்டன்’ என்றுதான் பேர். அவரைக்கொட்டையும் வெல்லப்பாகும் அடுப்பில் வேகும் நேரத்தில் அவள் எழுதியதைப் படித்து நாடெங்கும் தாய்மார்கள் அழுதார்கள். கெட்டிக்காரர்கள் அந்த அழுகையைக் கேலி செய்தார்கள். கேலி செய்தவன் எவனும் பிள்ளையைப் புதைத்தவனில்லை.

பிறகு ஒரு பிப்ரவரியில் அவளுடைய ஒரே மகள் ரோடாவுக்குத் தொண்டை அடைத்தது. ஏழு வயது. மண் உறைந்து கிடந்ததால், பனி உருகிக் குழி தோண்டும்வரை சவப்பெட்டியைக் கல்லறைக் கொட்டகையில் வைத்துவிட்டு வந்தார்கள். வந்து பார்த்தால் ரோடா இரவு உடுப்போடு விறகுப் பெட்டிமேல் காலாட்டிக்கொண்டிருந்தாள். ஸில்பா பேனாவைத் தொடவில்லை.

அடுத்த வீட்டுத் தபீதாவுக்குப் பொறுக்கவில்லை. “ஊரான் பிள்ளைக்கெல்லாம் ஓடி ஓடி எழுதினியே, பெத்த பிள்ளைக்கு நாலு வரி இல்லையாடி?”

“எழுதினா போயிடுவாக்கா.”

“போகத்தானேடி வேணும்!”

ஸில்பா மற்ற பிள்ளைகளுக்கு எழுதிக்கொண்டுதான் இருந்தாள். அவர்கள் வந்தார்கள், ரோடாவோடு சோழி ஆடினார்கள், வியாழக்கிழமை போனார்கள். ஒவ்வொரு முறையும் ரோடா கேட்பாள்: “அம்மா, என்னுது எப்போ?” “அடுத்த வாரம், கண்ணு.” எல்நாத்தன் செத்தான், பெரியவர்களுக்குப் பாட்டு தேவைப்படாது, நேராகப் போய்விடுவார்கள். தபீதாவும் போனாள். முப்பது வருடத்தில் ஸில்பாவின் தலை நரைத்தது. அடைப்பானுக்கு மருந்து வந்தது. பிள்ளைகள் சாவது குறைந்து, பெட்டிமேல் ரோடா மட்டும் மிஞ்சினாள். எவ்வளவு விறகு போட்டாலும் அவள் விரல்கள் சூடேறவே இல்லை.

“அம்மா, எல்லாரும் போயிட்டாங்க. எனக்குக் குளிருதும்மா.”

அப்போதுதான் ஸில்பாவுக்கு உறைத்தது. பிரியம் என்று நினைத்துத் தான் செய்துகொண்டிருந்தது கொடுமை. அன்றே எழுதினாள். தேவதையும் இல்லை, அல்லி மலரும் இல்லை. சில்லிட்ட இரண்டு பாதங்கள் மட்டும். அதைவிட நல்லதை அவள் எழுதியதே இல்லை. ஆனால் வாரப் பத்திரிகை கைமாறியிருந்தது. சாவுச் செய்திக்கு இப்போது ஒரே வரிதான், பாட்டு கிடையாது. ரயிலேறிப் பாஸ்டனுக்குப் போனாள். மாத இதழின் இளம் ஆசிரியன் மரியாதையாக எழுந்து நின்றான்.

“நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா செத்த பிள்ளைப் பாட்டை இப்ப யாரும்மா படிக்கிறாங்க? சைக்கிளைப் பத்தி ஏதாவது எழுதித் தாங்களேன்.”

“அச்சுல வராம அவ போகமாட்டா, தம்பி.”

அவன் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தான். அவள் அச்சகத்தில் தனியாக ஒரு தாள் அடித்து எடுத்துவந்தாள். ரோடா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இது பத்திரிகை இல்லையேம்மா” என்று திருப்பிக் கொடுத்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஸில்பா பெட்டியருகே தரையில் உட்கார்ந்தபடியே செத்தாள். மகளின் பாதங்கள் அவள் மடியில் இருந்தன. வீட்டைத் தரகர் ஒளிவுமறைவில்லாமல்தான் விற்றார்: கூரை ஒழுகாது, கிணறு வற்றாது, சமையலறையில் ஒரு பெண்பிள்ளை உண்டு. தொந்தரவு செய்யுமா என்று வாங்க வந்தவள் கேட்டாள். செய்யாது, விறகு எடுக்கும்போது கொஞ்சம் தூக்கி வைக்க வேண்டும், கனமே இருக்காது என்றார் அவர். வியாழக்கிழமைகளில் மட்டும் அந்தப் பெண்பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டு, என்னுது எப்போ என்று கேட்பாள். அடுத்த வாரம் என்று சொன்னால் போதும். அந்த வீட்டார் சொல்லப் பழகிக்கொண்டார்கள்.