ஊத்தை படாத சேட்டு

கழகத் தலைவர் போனை வைத்ததுதான் தாமதம், ஜெயரத்தினம் அலமாரியிலிருந்த கோட்டை எடுத்து உதறினார். ஒஸ்லோவின் பழைய அமெரிக்கன் ஃபுட்போல் கழகம் ஒன்று, ஆண்டு விருந்தில் ஒருவரின் படத்தை மண்டபச் சுவரில் மாட்டிக் கௌரவிக்கும். வருஷாவருஷம் போய், அடுத்தவனுக்குக் கைதட்டியே கை காய்த்துப்போன மனுஷன் இவர். இந்தமுறை தலைவரே கூப்பிட்டு, "கட்டாயம் வா, மனைவி இல்லாமல் வந்துவிடாதே" என்கிறார். இதற்கு வேறென்ன அர்த்தம்?

அகதியாக வந்த புதிதில் ஒருநாள் அந்த மைதானத்து வேலியோரம் நின்றவர். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் அதற்கு ஃபுட்போல் என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று சிரிப்பு வந்தது. வெளியே வந்து விழுந்த முட்டைப் பந்தை ஓங்கி ஓர் உதை விட்டார். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட அணியில் பெனால்டி அடித்த கால் அல்லவா! பந்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவால் பறந்துபோனது. அன்றிலிருந்து கழகத்துக்குப் பந்து உதைக்கிறவர் அவர்தான். ஆனால் மற்றவர்கள் சேற்றில் உருண்டு பல்லை உடைத்துக்கொண்டிருக்க, இவர் கடைசியில் வந்து ஓர் உதை விட்டுவிட்டு ஓரத்து வாங்குப் பலகையில் போய் இருப்பார். ஆட்டத்துக்கு ஆட்டம் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்து அணி முழுவதுக்கும் கொடுக்கும் மனைவி தங்கேஸ்வரி, வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையை இழுத்துப் பார்த்துக் கேட்பாள்:

"சேட்டிலை ஒரு பொட்டு ஊத்தை இல்லை. உண்மையா விளையாடினனீங்களோ?"

அமெரிக்காவிலேயே உதைக்கிறவனை லேசில் கௌரவிக்கமாட்டார்கள் என்று மனதைத் தேற்றிப் பார்த்ததுண்டு. எங்கே தேறியது? வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

நண்பர் இரத்தினவேலுக்கு யாரோ போர்த்திய பொன்னாடையை இரவல் வாங்கிவந்து மனைவியிடம் கொடுத்தார். "வெள்ளையளுக்கு இதெல்லாம் தெரியாது. என்ரை பேரைச் சொன்ன உடனை நீர் எழும்பிப் போர்த்தும்."

"ஓம், ஓம். திருப்பிக் குடுக்கவேணும், கறி படாமல் பாருங்கோ," என்றாள் தங்கேஸ்வரி.

விருந்தன்று தலைவர் மேடை ஏறினார். மழையிலும் பனியிலும் கழகத்தைக் கைவிடாதவர் என்றார். ஜெயரத்தினம் கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். தோற்ற நாட்களிலும் எங்களைச் சிரிக்கவைத்தவர் என்றார். நானா சிரிக்கவைத்தேன்? சரி, இருக்கட்டும். பாதி எழும்பிவிட்டார்.

"தங்கேஸ்வரி!"

மண்டபமே எழும்பி நின்று, "ரோல்ஸ்! ரோல்ஸ்!" என்று மேசையைத் தட்டியது. ஜெயரத்தினத்துக்கு இருக்கவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. பக்கத்தில் மடியில் பொன்னாடையோடு தங்கேஸ்வரி விறைத்துப்போய் இருந்தாள்.

"நான் போகமாட்டன். இது உங்கட இடமப்பா," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

பொறாமையா பெருமையா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டும்தான். எத்தனை மாரிகாலம் அந்த எண்ணெய்ச் சட்டியடியில் நின்றிருப்பாள்! பொன்னாடையை எடுத்து விரித்து அவள் தோளில் போர்த்தினார்.

"எழும்பும். எல்லாரும் பாக்கினம்."

சுவரில் படத்தின் திரை விலகியது. கம்பளித் தொப்பியும் ரோல்ஸ் தட்டுமாக இளம் தங்கேஸ்வரி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால், உடம்பைப் படத்தின் ஓரம் வெட்டிவிட, யாரோ ஒருவரின் உதைத்த கால் மட்டும் அந்தரத்தில் நின்றது.

"இஞ்சேருங்கோ, அது உங்கட காலல்லோ?"

ஜெயரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவருக்குக் கிட்டப் போனார். வெள்ளைச் சப்பாத்து, ஒரு பொட்டு ஊத்தை இல்லை. பந்து படத்துக்கு வெளியே எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.